சதுரங்கக்காரர்களின் சராசரி

எங்கள் கல்லூரியில் கேள்வி கேட்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் எண்பத்திரண்டு பேர். அதில் நானும் ஒருவன். புள்ளியியல் துறை, பதினான்கு வருடச் சர்வீஸ், பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘புள்ளி சார்’. சம்பளம் வாங்காமல் கேள்வி கேட்பவர் ஒரே ஒருவர்தான். தேர்வுப் பிரிவில் மதிப்பெண் பதிவு செய்யும் எழுத்தர். முதல்வரிலிருந்து வாசல் காவலர்வரை எல்லாரும் அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதல்வருக்கு வயது ஐம்பத்தொன்பது, அக்காவுக்கு ஐம்பத்தைந்து. இதைச் சொல்லி முதல்வரைத் திருத்த இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை.

தேர்வுப் பிரிவு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. கொஞ்சம் உயரமானவர்கள் தலை குனிந்துதான் உள்ளே போக வேண்டும். இரண்டு இரும்பு பீரோ, ஒரு கம்ப்யூட்டர், பக்கவாட்டில் ஓங்கித் தட்டினால் மட்டும் வேலை செய்யும் ஒரு பிரிண்டர். தலைக்கு மேல் நாள் முழுக்கப் பிள்ளைகள் ஏறி இறங்கும் சத்தம். சத்தத்தை வைத்தே எந்த வகுப்பு விட்டிருக்கிறது என்று அக்கா சொல்லிவிடுவார். ஒருநாள் சோதித்துப் பார்த்தேன், மூன்று முறையும் சரியாகச் சொன்னார்.

அவருக்கு எதைப் பார்த்தாலும் ‘ஏன்’ வந்துவிடும். “சார், பரீட்சை ஹால்ல ஜன்னல் பக்கம் உக்கார்ற பிள்ளைங்க மட்டும் ஏன் கூடுதல் பேப்பர் அதிகமா வாங்குறாங்க?” என்று ஒருமுறை கேட்டார். நான் வாயில் வந்ததை அள்ளிவிட்டேன். “நல்ல காத்து வருதில்ல, உற்சாகமா எழுதுவாங்க.”

“காத்துக்கும் கைக்கும் என்ன சார் சம்பந்தம்?”

அடுத்த தேர்வில் அவரே போய்ப் பின்வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தார். பேப்பர் கட்டு வைக்கும் மேசை ஜன்னல் பக்கம் இருந்தது. பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கக் கூச்சமில்லை, தூரத்தில் இருப்பவன் எழுந்து நின்று கத்த வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மேசையை நடுவில் போடச் சொன்னார். அதற்கு அடுத்த தேர்வில் வித்தியாசம் போய்விட்டது. புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கிய நான் அன்று காற்றைப் பற்றிப் பேசியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

அக்கா கல்லூரியில் படித்தவர் இல்லை. பள்ளி இறுதியில் வகுப்பில் முதலாவதாக வந்தவர். அந்த வருடம் அப்பா படுத்த படுக்கையானார், தங்கைகள் இரண்டு பேர், படிப்பு அதோடு சரி. “படிக்கத்தான் காலேஜுக்குள்ள போக முடியல, வேலைக்காவது போயிடுவோம்னு வந்துட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். தட்டச்சராகச் சேர்ந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. அத்தனை வருடத்தில் அவர் போட்ட மதிப்பெண் ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை என்பது கல்லூரி முழுக்கத் தெரிந்த விஷயம். மற்றவர்கள் சொத்து சுகம் சேர்த்தார்கள், அக்கா அந்தப் பெயரைத்தான் சேர்த்து வைத்திருந்தார். கூடவே கணவர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். கடைக்கு மேலேயே இரண்டு அறை வீடு. ஒரே மகள் வேறு ஊரில் நர்ஸ்.

இந்த வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் விளையாட்டுக்காக நாற்பது இடம் உண்டு. ஓட்டம், நீச்சல், கைப்பந்து, சதுரங்கம் என்று பிள்ளைகளை எடுப்பார்கள். கட்டணம் கிடையாது, விடுதி இலவசம். ஒரே ஒரு நிபந்தனை: பருவச் சராசரி தொடர்ந்து இரண்டு முறை நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் இடம் போய்விடும். வேதியியல் துறைத் தலைவருக்கு ரொம்ப நாளாக அந்த விடுதிக் கட்டடத்தின் மேல் ஒரு கண். ஆய்வகம் கட்ட இடமில்லை என்று புலம்பிக்கொண்டே இருப்பார். “விளையாட்டுப் பிள்ளைங்க படிக்கிறதே இல்ல, நாற்பது இடத்தையும் மொத்தமா எடுத்துடலாம்” என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை குழு கூடி முடிவு செய்யும். அதற்குமுன் விளையாட்டு மாணவர்களையும் மற்ற மாணவர்களையும் ஒப்பிட்டு அறிக்கை தர வேண்டியவன் நான்.

எனக்கு அது அரைநாள் வேலை. தேர்வுப் பிரிவுக் கம்ப்யூட்டரிலிருந்து போன பருவத்தின் சராசரிப் பட்டியலை எடுத்தேன். மற்ற மாணவர்கள் ஐம்பத்தெட்டு, விளையாட்டு மாணவர்கள் நாற்பத்தேழு. பதினொரு மதிப்பெண் வித்தியாசம்! இப்படி ஒரு பளிச்சென்ற முடிவு என் முனைவர் பட்ட ஆய்வில்கூட வரவில்லை. வண்ண வண்ணப் படம் போட்டுப் பதினோரு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

உடற்பயிற்சி ஆசிரியரை நாங்கள் ‘விசில் சார்’ என்போம். விசில் கழுத்தில் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. விஷயம் காதில் விழுந்து திங்கட்கிழமை காலையிலேயே என் அறைக்கு வந்துவிட்டார். “நாற்பது பிள்ளைங்க சார். அதுல இருபத்தாறு பேருக்கு இந்த விடுதி இல்லேன்னா அடுத்த வருஷம் படிப்பே இல்ல. வீட்டுக்குப் போயிடுவாங்க. பார்த்து எழுதுங்க சார்.”

“எண்ணு என்ன சொல்லுதோ அதைத்தான் சார் எழுத முடியும். நான் என்ன செய்யட்டும்?” என்றேன். அவர் விசிலை விரலால் உருட்டிக்கொண்டே போனார். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் அறிக்கையில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

நகல் எடுக்க அறிக்கையை அக்காவிடம் கொண்டுபோனேன். நகல் எடுப்பவர்கள் படிக்க மாட்டார்கள் என்பது உலக வழக்கம். அக்கா முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நான் நின்றேன், பிறகு உட்கார்ந்தேன், தேநீர் வந்து ஆறியது. ஏழாம் பக்கத்தில் விளையாட்டு வாரியாக ஒரு படம் போட்டிருந்தேன். அதில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“சார், இதுல சதுரங்கம் ஆடுறவங்கதான் எல்லாருக்கும் கீழ இருக்காங்க. நாற்பது.”

“ஆமாக்கா.”

“நீச்சல் அம்பத்தஞ்சு. ஓட்டம் நாற்பத்தாறு. சதுரங்கம் நாற்பது. ஏன் சார்?”

பழக்கதோஷம், மறுபடியும் அள்ளிவிட்டேன். “நீச்சல் மூளைக்கு நல்லதுக்கா. சதுரங்கக்காரங்க ஆட்டத்துலயே மூளையைச் செலவழிச்சுடுறாங்க.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பழைய காற்று லேசாக வீசியது. “களைச்சுப் போறதாலதான் மார்க் குறையுதுன்னா ஓடுறவங்கதானே சார் கடைசியா இருக்கணும்? இவங்க உக்காந்தே ஆடுறவங்க. வேர்வைகூட வராது. என்னமோ இடிக்குது.”

“என்ன இடிக்குது? எண்ணு எண்ணுதானேக்கா.”

“நகல் நாளைக்கு எடுத்துத் தரேன் சார்” என்று அறிக்கையை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். ஒரு எழுத்தர் என் அறிக்கையைப் பறிமுதல் செய்வதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் வந்தேன். பிரிண்டரைத் தட்டும் வித்தை அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை நான் போனபோது சதுரங்கக்காரன் ஒருவன் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வருடம், கணக்குப் பாடம், பெரிய கண்ணாடி. அக்கா அவனைத் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது எழுவாய், எப்போது படிப்பாய், போட்டி எத்தனை நாள்?

“ஒரு போட்டி ஒன்பது நாள்க்கா. போக வர ரெண்டு நாள். வருஷத்துல ஒரு பருவம்தான் போட்டி, அதுல ரெண்டு.”

“நீச்சல்காரங்களுக்கு?”

“அவங்களுக்கு என்னக்கா, குளம் இந்த ஊர்லயே இருக்கு. சனி, ஞாயிறுல முடிஞ்சுடும்.”

“அப்ப நீ பரீட்சைக்கே வர்றதில்லையா?”

“வராம என்னக்கா? திரும்பி வந்து மறுதேர்வு எழுதுவேன். போன பருவத்துல ஒவ்வொரு பாடத்துக்கும் ரெண்டு மறுதேர்வு. எல்லாத்துலயும் அறுபதுக்குக் குறையாம.” பையன் கொஞ்சம் ரோஷப்பட்டான். “மார்க் அட்டையைப் பாருங்க.”

அட்டையைக் கையிலேயே வைத்திருந்தான். அறுபத்திரண்டு, அறுபத்தைந்து, அறுபது. ஒன்றுகூட அறுபதுக்குக் கீழே இல்லை. என் பட்டியலில் அதே பையனின் பருவச் சராசரி முப்பத்தேழு. ஒரே ஆளுக்கு ஒரே கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு எண். அவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அக்கா திரையில் அவன் பக்கத்தைத் திறந்தார். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் படித்தார்.

அவர் பார்த்ததை நானும் பார்த்தேன், ஆனால் புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது. ஒரு பாடத்துக்குப் பருவத்தில் மூன்று தேர்வு. போட்டிக்குப் போய் ஒரு தேர்வுக்கு வராதவர்களுக்குத் துறையில் மறுதேர்வு வைத்து, அந்த மதிப்பெண்ணைப் பச்சைத் தாளில் எழுதி அக்காவுக்கு அனுப்புவார்கள். பதினோரு வருடத்துக்கு முன் இந்த மென்பொருள் வந்தபோது, வராதவர்களின் கட்டத்தைக் காலியாக விட்டால் அது அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. நிறுவ வந்த ஆள் அவசரத்தில் இருந்தான். “சைபர் போட்டுட்டுப் போங்கக்கா, மறுதேர்வுன்னு தனியா ஒரு கட்டம் திறக்கும், அதுல மார்க்கைப் போட்டா போதும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அக்காவும் அப்படியே போட்டார். மார்க் அட்டை அச்சிடும்போது கம்ப்யூட்டர் சைபரைத் தள்ளிவிட்டு மறுதேர்வை எடுத்துக்கொண்டது. அட்டை எப்போதும் சரியாகவே வந்தது. யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

ஆனால் பருவச் சராசரிப் பட்டியல் தனி. அது சைபரையும் விடவில்லை, மறுதேர்வையும் விடவில்லை. எல்லாவற்றையும் கூட்டி எல்லாவற்றாலும் வகுத்தது. மூன்று தேர்வு எழுதியவரை நான்கு தேர்வு எழுதியவராக்கி, அவர் எழுதாத நான்காவது தேர்வில் பூஜ்யம் கொடுத்தது. இரண்டு தேர்வுக்கு வராதவர் ஐந்து தேர்வு எழுதி இரண்டில் பூஜ்யம். அந்தப் பட்டியலை இந்தக் கல்லூரியில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பயன்படுத்துவார்கள்: விளையாட்டு மாணவர்களின் இடம் நிற்குமா போகுமா என்று பார்க்க.

“மூளையும் இல்ல, வேர்வையும் இல்ல சார்” என்றார் அக்கா கடைசியில். “எவ்வளவு நாள் ஊர்ல இல்லையோ அவ்வளவு மார்க் போயிருக்கு. அதான் நீச்சல் மேல, சதுரங்கம் கீழ.” விஷயம் பிடிபட்டதில் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணமே முகம் செத்துப்போனது. “போட்டது நான்.”

ஆறுதல் சொல்வதாக நினைத்து நான் வாயைக் கொடுத்தேன். “மென்பொருள் பிழைன்னு எழுதிடலாம்க்கா. அதானே உண்மை.”

“மென்பொருளா சார் சைபர் போட்டுச்சு? என் விரல்தானே போட்டுச்சு? வராதவங்களுக்கு வரலைன்னு போடணும், சைபர்னு போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நோட்டுல எழுதின காலத்துல ஒருநாளும் நான் அப்படி எழுதினதில்லையே.”

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அலுவலகம் பூட்டியதும் பச்சைத் தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனோம். குழு கூட ஒருநாள்தான் இடையில் இருந்தது. அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை, வேலை மேசை எல்லாம் ஒன்றே. ஓரத்தில் வில்லைகள் காகித உறைகளில் வரிசையாக இருந்தன. அக்காவின் கணவரை நான் மாமா என்பேன். அவர் உறைகளை ஒதுக்கி இடம் செய்துகொடுத்தார். நான் பச்சைத் தாளைப் படிப்பது, மாமா பட்டியலில் பெயரைத் தேடுவது, அக்கா சைபரை அடித்துவிட்டுப் புதுச் சராசரி போடுவது என்று ஏற்பாடு.

“உங்க துறைக்காரங்க எழுத்தைப் பார்த்தா என் கடைக்கு ஆளுங்க ஏன் வர்றாங்கன்னு புரியுது” என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு வேடிக்கையை நிறுத்திக்கொண்டார்.

விளையாட்டு மாணவர்கள் நாற்பது பேரையும் முடித்ததும் நான் பேனாவை மூடினேன். ஐம்பத்தேழு வந்திருந்தது. பத்து மதிப்பெண் ஏறிவிட்டது. “போதும்க்கா, ஜெயிச்சாச்சு. ஐம்பத்தேழுக்கு ஐம்பத்தெட்டு. கிட்டத்தட்டச் சமம்.”

“மத்த பிள்ளைங்களுக்கும் காய்ச்சல் வந்திருக்குமே சார்?”

“என்னது?”

“அவங்களும் பரீட்சைக்கு வராம மறுதேர்வு எழுதியிருப்பாங்க இல்ல? அவங்களுக்கும் சைபர் போட்டிருக்கேனே. அதையும் திருத்தினாத்தான் சரியான ஒப்பீடு.”

ஜெயித்த ஆட்டத்தை எதற்காக மறுபடியும் ஆட வேண்டும்? ஆனால் முனைவர் பட்டம் வாங்கியவன் நான், அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவனும் நான். புதன்கிழமை முழுக்க அதைச் செய்தோம். மற்றவர்கள் ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்பதானார்கள். ஆக, ஐம்பத்தேழுக்கு ஐம்பத்தொன்பது. விளையாட்டு மாணவர்கள் இரண்டு மதிப்பெண் குறைவுதான். அக்கா அந்த இரண்டை மறைக்க விடவில்லை. மறைப்பதற்குப் பதிலாக அதையும் போட்டுக் குடைய ஆரம்பித்தார்.

சதுரங்கக்காரர்கள் அறுபத்து நான்கு, எல்லாருக்கும் மேலே. ஓட்டக்காரர்கள் போட்டி நடக்கும் பருவத்தில் சரிகிறார்கள், போட்டி இல்லாத பருவத்தில் மற்றவர்களைத் தாண்டிவிடுகிறார்கள். பதினோரு வருடக் கணக்கில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் விளையாட்டு மாணவர்களில் நூற்றுக்கு இரண்டு, மற்றவர்களில் ஏழு. “காலைல அஞ்சு மணிக்கு ஒருத்தர் விசில் ஊதி எழுப்பினா எங்க சார் ஓடிப்போக முடியும்?” என்றார் அக்கா. திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். பஸ் பாஸுக்குச் சான்றிதழ் கொடுப்பதும் அவர் வேலைதான். அந்தக் கட்டையும் எடுத்துவந்து, தினமும் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்யும் பிள்ளைகளை மட்டும் பிரித்துக் கூட்டினார். ஐம்பத்தேழு வந்தது.

வியாழக்கிழமை குழுவில் என்னைப் பேச விடாமல் அக்காவே எழுந்தார். கையில் ஒரே ஒரு தாள். பதினோரு வருடமாகப் பட்டியல் தப்பு, தப்பான பதிவைப் போட்டது அவரேதான், எப்படி நடந்தது, இப்போதைய சரியான எண் என்ன என்று நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்தார். என் பதினோரு பக்கத்துக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. அறிக்கையை மேசைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டேன்.

வேதியியல் தலைவர் விடவில்லை. “அப்பவும் ரெண்டு மார்க் குறைவுதானேம்மா?”

“ஆமா சார், குறைவுதான். தினம் ரெண்டு மணி நேரம் பஸ்ல வர்ற பிள்ளைங்களும் அதே அம்பத்தேழுதான். நேரம் எங்க போகுதோ அங்க மார்க் கொஞ்சம் போகுது. அவங்க இடத்தை எடுக்கணும்னு யாரும் சொல்லலையே சார்?”

வாசலில் ஒட்டிக்கொண்டு நின்ற விசில் சார் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பது இடமும் நிற்கும் என்று கால் மணி நேரத்தில் முடிவாயிற்று. எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. எழுந்து போகலாம் என்று நாற்காலியை நகர்த்தினேன்.

அக்கா உட்காரவில்லை. “இன்னொண்ணு இருக்கு சார். இந்தப் பட்டியலை வெச்சுப் பதினோரு வருஷத்துல ஒன்பது பேரோட இடத்தை எடுத்திருக்கோம். நேத்து ராவோட ராவா அதையும் பார்த்தேன். அஞ்சு பேர் நிஜமாவே குறைவு. நாலு பேர் குறைவு இல்ல.”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். “அக்கா, நடந்தது நடந்துபோச்சு. திருத்திட்டீங்க, நல்லது. உங்களுக்கு மெமோ கொடுக்கற எண்ணம்கூட எனக்கு இல்ல. ஆனா இது இந்த அறையை விட்டு வெளிய போக வேண்டாம். காலேஜ் பேரும் இருக்கு, உங்க பேரும் இருக்கு. அந்த நாலு பேரும் இந்நேரம் எங்கேயோ நல்லாத்தான் இருப்பாங்க.”

“இருப்பாங்க சார்” என்றார் அக்கா. “எனக்குத் தெரியல. அதான் கேக்கணும்.”

வெள்ளிக்கிழமை மதியம் அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் நான்கு பழைய விண்ணப்பங்கள் இருந்தன. விசில் சார் எங்கெங்கோ விசாரித்து மூன்று பேரின் எண்ணை வாங்கிக்கொடுத்திருந்தார். ஒருவன் வெளிநாட்டில், “பரவாயில்ல, விடுங்க” என்று இரண்டே வார்த்தையில் வைத்துவிட்டானாம். இன்னொருவன் எடுக்கவே இல்லை. மூன்றாவது ஒரு பெண், ஒன்பது வருடத்துக்கு முன் தடையோட்டம் ஓடியவள், இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் எண்ணை எதிரில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார்.

“இவகிட்ட மட்டும் என்னால தனியா பேச முடியல சார். கூட இருங்க.”

“ஏன்க்கா?”

“இவ வந்து கேட்டா சார்.” வாசற்படிப் பக்கம் கையைக் காட்டினார். “இடம் போச்சுன்னு கடிதம் வந்த அன்னைக்கு, இதோ இந்த இடத்துல நின்னா. மார்க் அட்டையில எல்லாம் அம்பத்தஞ்சு, அம்பத்தாறுன்னு இருக்கே, சராசரி எப்படிக்கா நாற்பத்தொண்ணு வரும்னு கேட்டா. எதைப் பார்த்தாலும் ஏன்னு கேக்கறவ நான், அன்னைக்கு அவ கேட்டதுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா, போய் வேலையைப் பாருன்னேன். அன்னைக்கு நானூறு மார்க் உள்ள போட வேண்டியிருந்துச்சு.”

நானே எண்ணுக்கு மறுபேச்சு இல்லை என்று சொல்லி முழுதாக ஐந்து நாள் ஆகவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு நான்தான் எண்ணை அழுத்தினேன்.

அக்கா தன்னை யாரென்று சொன்னார், நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். “ஒரு நிமிஷம் இருங்க” என்று அவர்களுக்கு எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தாள்.

“அப்ப என் சராசரி எவ்வளவு?”

“அம்பத்தஞ்சும்மா.”

“அம்பத்தஞ்சு” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “நான் அன்னைக்கு வந்து கேட்டேனே.”

“ஆமா, நீ கேட்டேம்மா. நான்தான் காதுல போட்டுக்கல.”

திட்டப் போகிறாள் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

“எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் நான் படிக்காம ஊர் சுத்தினதாலதான் துரத்திவிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில அங்கதான் வந்து நிப்பாங்க. என் கல்யாணத்தன்னைக்குக்கூடச் சொன்னாங்க. நான் போய் இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொல்றீங்களா?”

“நம்பர் சொல்லும்மா” என்றார் அக்கா. என் அறிக்கையின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். ஒரு எண்ணை அடித்துத் திருத்தினார். அழைப்பு முடிந்த உடனே அடுத்த அழைப்பைப் போட்டார். தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுங்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

“யாரு?” என்றது வயதான குரல்.

“உங்க பொண்ணு படிச்ச காலேஜ்லேர்ந்து பேசறேன்மா. உங்க பொண்ணு ஒழுங்காத்தான் படிச்சா. நான்தான் மார்க்கைத் தப்பாப் போட்டு அவ இடத்தை...”

“கேக்கல. எனக்குக் காது மந்தம். சத்தமாப் பேசுங்க.”

அப்போதுதான் மதிய வகுப்புகள் விட்டு, மாடிப்படியிலும் தாழ்வாரத்திலும் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. முதல்வர் அறை எதிர்வரிசையில், கதவு திறந்தே இருந்தது. நான் கதவைச் சாத்த எழுந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“உங்க பொண்ணு நல்லாப் படிச்சாம்மா! தப்புப் பண்ணது நான்! மார்க் போட்டது நான்!”

தலைக்கு மேல் படியில் இறங்கிக்கொண்டிருந்த காலடிகள் ஒவ்வொன்றாக நின்றன. எதிரில் முதல்வர் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார். ஸ்பீக்கரில் அந்த அம்மா “என்ன, என்ன சொன்னீங்க?” என்று கேட்டார். அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.